முகம் தெரியும் தூரம்

புதுப் பூங்காவில் நாற்பத்திரண்டு விளக்குக் கம்பங்கள். மாலை ஏழு மணிக்கு அங்கே நான்கு பெண்கள் இருந்தார்கள். பழைய பூங்காவில் பதினேழே கம்பங்கள், அவற்றிலும் இரண்டு எரிவதில்லை. மறுநாள் அதே ஏழு மணிக்கு அங்கே அறுபத்தொரு பெண்கள். இரண்டு இடத்திலும் நானேதான் போய் எண்ணினேன்.

புதுப் பூங்காவுக்கு விளக்குப் போட்டதும் நான்தான் என்பதால், இந்த எண்கள் இரண்டு வாரமாக என்னை விடாமல் துரத்தின. மாநகராட்சி மின் பிரிவில் தெருவிளக்குகளும் பூங்கா விளக்குகளும் என் பொறுப்பு. வெளிச்சத்தை நாங்கள் லக்ஸ் என்ற அளவில் சொல்வோம். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, மூன்றடி தள்ளி ஒரு காகிதத்தைப் பிடித்தால், அதன்மேல் விழுவது ஏறக்குறைய ஒரு லக்ஸ். பழைய பூங்காவின் பாதையில் சராசரி ஆறு லக்ஸ். அதாவது ஆறு மெழுகுவத்தி. என் பூங்காவில் முப்பத்திரண்டு.

இதைவிடப் புரியாத எண் ஒன்று உண்டு. இரண்டு மாதம் முன்பு என் பூங்காவுக்குப் பதினொரு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பதினொன்று போதாது, இருட்டுதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, எல்லா விளக்குகளையும் கழற்றி இரு மடங்கு திறனுள்ளவற்றை மாட்டினேன். பதினொன்று நான்கானது. வெளிச்சத்தைக் கூட்டினால் ஆள் குறைகிறது! உப்பைக் கூட்டக் கூட்ட உப்புச் சப்பில்லாமல் போகிற குழம்பை யாராவது பார்த்ததுண்டா?

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. இருட்டிய பிறகு பெண்கள் வராததாலும், சீட்டாடுகிறவர்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பதாலும், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதுப் பூங்காவை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடலாம் என்று மாமன்றக் குழு நினைக்கிறது. மாதக் கடைசியில் ஒருமுறை வந்து எண்ணுவார்கள். நாற்பது பெண்களாவது இருந்தால் பூட்டு இல்லை. எனக்கு இருந்தது இருபத்திரண்டு நாள்.

ஆறு மணிக்குப் பூட்டினால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் ஆறு மணிக்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள். என் நாத்தனார் அப்படியில்லை. பூங்காவின் தெற்கு வாசலுக்கு எதிரே மாடியில் முப்பது தையல் இயந்திரங்கள் ஓடும் ஒரு பட்டறை இருக்கிறது. அதில் சட்டைக் காலர் தைப்பது அவள் வேலை. விடுவது ஆறரைக்கு. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரில் இருக்கிற பூங்காவை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பழைய பூங்காவுக்குப் போய் நடந்து, மறுபடி பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது எட்டே முக்கால் ஆகும். வாரத்தில் மூன்று நாள் அலுப்பில் போகவே மாட்டாள்.

அன்றும் எட்டே முக்காலுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"என்ன அண்ணி, இன்னிக்கு எத்தனை பேரு?"

"நாலு."

"உன்னையும் சேர்த்தா?"

"சேர்க்காம."

"பரவாயில்லையே! முன்னேற்றம்தான். போன வாரம் உன்னைச் சேர்த்துல்ல நாலு?"

"வாய் மட்டும் நல்லா நடக்குது. அதுக்குச் சர்க்கரையே வராது."

என் வீட்டுக்காரர், இந்த இருவருக்கும் நடுவில் தலையைக் கொடுப்பதில்லை என்ற பழைய கொள்கையோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமா சொல்லு," என்றேன். "எதிர்லயே இருக்கு. தரை சமமா இருக்கு. கழிப்பறை சுத்தமா இருக்கு. அந்தப் பழைய பார்க்ல வேர் தடுக்கி விழாத ஆளே கிடையாது. அப்புறம் ஏன் வர மாட்டேங்கிற?"

"ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு அண்ணி. யாராவது வெள்ளைக் கோட்டோட வந்து 'படுங்க'ன்னு சொல்லிடுவாங்களோன்னு இருக்கு."

"விளையாடாத."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பயமா இருக்கு. உள்ள போனதும் முதுகு சில்லுனு ஆகுது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. நீதானே இன்ஜினியர், நீ சொல்லு."

காரணத்தைத் தேடத் தொடங்கினேன்.

ஒரு இயந்திரம் ஓடவில்லையென்றால் நாங்கள் செய்வது ஒன்றுதான்: ஓடுகிற இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பூங்காக்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன். காவலாளி? இரண்டிலும் ஒவ்வொருவர்தான், பழைய பூங்காக்காரர் ஏழு மணிக்கே தூங்கிவிடுகிறார். மரம்? பழையதில்தான் ஒளிந்துகொள்ள இடம் அதிகம். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத அடிமரங்கள். என்னுடையதில் இடுப்பளவு வேலியும் புல்லும்தான். சீட்டாடுகிற கூட்டம்? அங்கேயும் இருக்கிறது, இதைவிடச் சத்தமாக. கடைசியில் மிஞ்சியது பழக்கம். நூறு வருடமாக இருக்கிற இடம், தாயும் மகளுமாகப் போய்ப் பழகிய இடம், அதனால் போகிறார்கள். தலைமைப் பொறியாளருக்கு இந்தக் காரணம் பிடித்திருந்தது.

"பழக்கத்தை நாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா," என்றார். "வேணும்னா இன்னும் எட்டு உயரக் கம்பம் போட்டுப் பாரு. செஞ்சோம்னு ஃபைல்ல இருக்கும்."

பழக்கம்தான் காரணம் என்றால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ளும் முன்னால் ஒருமுறையாவது, எண்ணுவதற்காக இல்லாமல், நடப்பதற்காகப் போய்ப் பார்க்கலாம் என்று நாத்தனாரோடு பஸ் ஏறினேன்.

பழைய பூங்காவின் கம்பங்கள் வார்ப்பிரும்பு. உயரம் பத்தடிதான். உச்சியில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பால் வெள்ளைக் கண்ணாடி உருண்டை. ஏன் பத்தடி? அவற்றை நட்ட காலத்தில் மின்சாரம் இல்லை, எரிவாயு விளக்கு. தினமும் சாயங்காலம் ஒரு ஆள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக ஏறிப் பற்றவைக்க வேண்டும். ஏணி எட்டுகிற உயரம்தான் விளக்கின் உயரம். அந்தச் சுடரும் மங்கல் என்பதால் கம்பங்களை நெருக்கி நெருக்கி நட்டார்கள். அந்தப் பூங்காவின் சுற்றும் சிறியது. அதனால் பதினேழே போதுமாயிருந்தது. அவர்கள் நம்மைவிடப் பெரிய அறிவாளிகள் என்று சொல்லவரவில்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கோ தூக்கு வண்டி இருக்கிறது, சக்தியுள்ள விளக்கு இருக்கிறது. முப்பதடி உயரத்தில் வைத்தால் குறைந்த கம்பத்தில் நிறைய தரையை நனைக்கலாம்.

நாத்தனார் இரண்டு சுற்று நடந்தாள். வழியெல்லாம் யாரையாவது பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது சுற்றில், வடகிழக்கு மூலைக்கு வந்தபோது, நான் நின்றுவிட்டேன். அங்கே நான்கு பெஞ்சுகள் காலியாக இருந்தன. இருபதடி தள்ளி, இருவர் உட்காரும் பெஞ்சில் மூன்று பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, அங்க நாலு பெஞ்சு காலியா இருக்கே?" என்று கேட்டேன்.

மூவரில் நடுவில் சிக்கியிருந்த பெண்மணி கையை எடுக்க முடியாமல் தலையால் காட்டினார். "அங்கயா? அங்க உக்காந்தா மேடையில உக்காந்த மாதிரி இருக்கும்மா. நம்மள ஊருக்கே தெரியும். நமக்கு யாரையும் தெரியாது."

அண்ணாந்து பார்த்தேன். அந்த மூலையில் மட்டும் பழைய கம்பத்தை எடுத்துவிட்டு நட்ட ஒரு புதுக் கம்பம். முப்பதடி. மூன்று வருடம் முன்பு யாரோ ஒரு சங்கத்தார் நன்கொடையாகக் கொடுத்தது. பொருத்திக் கொடுத்தது எங்கள் பிரிவு.

அதே பூங்கா. அதே பெண்கள், அதே தூங்குமூஞ்சிக் காவலாளி, அதே நூறு வருடப் பழக்கம். விளக்கு மட்டும் வேறு. காலியாக இருந்தது அதன் அடி மட்டும். அப்படியானால் காரணம் பழக்கம் இல்லை. என் விளக்குதான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாத்தனாருக்கு அது புரியவில்லை. "உன் தப்புன்னு தெரிஞ்சதுக்கா இவ்ளோ சிரிப்பு?" என்றாள். பழக்கத்தைக் கழற்றி மாட்ட முடியாது, விளக்கைக் கழற்றி மாட்டலாம் என்றேன்.

ஆனால் விளக்கில் என்ன கோளாறு? மறுநாள் ஏழு மணிக்குப் புதுப் பூங்காவுக்குத் தனியாகப் போனேன். யோசித்துப் பார்த்தால், இருட்டிய பிறகு நான் தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. எப்போதும் லைன்மேன் கூட இருப்பார். ஆறேகால் அடி உயரம், நீண்ட கழுத்து. பிரிவில் எல்லோருக்கும் அவர் 'ஒட்டகம்'. கையில் லக்ஸ் மீட்டர், பக்கத்தில் ஒட்டகம் என்று போகிறவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

மேற்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதை வெள்ளைவெளேரென்று இருந்தது. வேலிக்கு அப்பால் கன்னங்கரேல். ஐந்து நிமிடம் கழித்துத் தூரத்தில் ஒரு உருவம் பாதையில் திரும்பி என் பக்கம் வந்தது. தலை பளபளத்தது, தோள் பளபளத்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. ஆணா பெண்ணா தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் நடை வேகமானது. நான் எழுந்து நின்றேன். மீட்டரைக் கல்லைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். உருவம் நேராக என்னை நோக்கி வந்தது.

"என்ன அண்ணி, அடிக்கப் போறியா?"

நாத்தனார்.

உட்கார்ந்துவிட்டேன். நான் தனியாகப் போவதாகக் காலையில் சொன்னதைக் கேட்டு, பட்டறை விட்டதும் வந்திருக்கிறாள். "நீன்னு தெரியலடி."

"பதிமூணு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். என் மூஞ்சி தெரியலையா?"

"தெரியல. சத்தியமா மூஞ்சியே தெரியல."

"எனக்கும்தான். நீ எந்திரிச்சு நின்னதும் யாரோன்னு நெனச்சேன். அப்புறம் கையில அந்த டப்பாவைப் பார்த்துத்தான் நீன்னு வந்தேன்."

அவள் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு நான் சொன்னேன், "திரும்பிப் போ. அந்த வளைவு வரைக்கும். அங்கிருந்து மெதுவா நடந்து வா. வழியில சிரி, முறை, உதட்டைப் பிதுக்கு, என்ன வேணா பண்ணு. என்ன பண்றேன்னு தெரிஞ்ச உடனே நில்லுன்னு சொல்றேன்."

"வேலை முடிஞ்சு வந்தவளை நல்லா நடக்கவிடுறே."

"டாக்டர் சொன்னார்ல?"

அவள் போய்த் திரும்பி வந்தாள். நான் 'நில்லு' என்றபோது நாக்கை வெளியே நீட்டியிருந்தாள். அங்கிருந்து என் பெஞ்சு வரை எண்ணினேன். ஆறு தப்படி. ஆறு தப்படி தூரத்தில் ஒருவனுக்கு நம்மைத் தொட இரண்டு விநாடி போதும். மறுநாள் பழைய பூங்காவில் இதையே செய்து பார்த்தோம். இருபத்திரண்டு தப்படி. அங்கே அவள் கண்ணடித்ததுகூடத் தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல, எதிரில் வந்த ஒரு பெரியவருக்கும் தெரிந்து, அவர் திடுக்கிட்டுப் பாதை மாறிப் போனார்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. உச்சி வெயிலில் எடுத்த புகைப்படத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரியும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுவதால் புருவத்தின் நிழல் கண்மேல் விழுகிறது, மூக்கின் நிழல் வாய்மேல் விழுகிறது. முப்பதடி விளக்கு செய்வது அதைத்தான். அதோடு இன்னொன்று. நம் கண்மணி ஒரு கதவு மாதிரி; எதிரில் பளிச்சென்று ஏதாவது இருந்தால் சுருங்கிக்கொள்ளும். பாதையில் பதித்த வெள்ளைத் தரை ஓடு முப்பத்திரண்டு லக்ஸில் பளபளக்கிறது. கண்மணி அதற்குத் தக்கபடி சுருங்கிவிடுகிறது. பிறகு நிழலில் இருக்கிற முகமோ, வேலிக்குப் பின்னால் இருக்கிற புதரோ அதற்குத் தெரியவே தெரியாது. நான் வெளிச்சத்தை இரு மடங்காக்கியபோது அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திவிட்டேன்.

அப்படியானால் மீட்டர் ஏன் இதைச் சொல்லவில்லை? சொல்லவிடவில்லை. லக்ஸ் மீட்டரின் கண் ஒரு சின்ன வெள்ளை வட்டம். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கும். எங்கள் படிவத்தில் முதல் கட்டத்திலேயே 'தரையில் வைத்து' என்று இருக்கும். எனவே நாங்கள் அதைத் தரையில் மல்லாக்க வைப்போம், எண்ணைக் குறித்துக்கொள்வோம், அடுத்த இடத்துக்குப் போவோம். பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதை நிமிர்த்தியதில்லை. அன்று புதுப் பூங்காவில் அதை என் மூக்கு உயரத்துக்குத் தூக்கி, எதிரில் வருபவரைப் பார்ப்பதுபோல் பிடித்தேன். இரண்டு லக்ஸ். தரைக்கு முப்பத்திரண்டு, முகத்துக்கு இரண்டு. பழைய பூங்காவில் தரைக்கு ஆறு, முகத்துக்கு ஐந்து. உருண்டைக் கண்ணாடி எல்லாப் பக்கமும் சமமாக ஒளிவிடுவதால், தாழ்ந்த உயரத்திலிருந்து அது நேராக முகத்தில் வந்து விழுகிறது.

அந்தப் பூங்காவில் நான் விளக்குப் போட்டது செருப்புகளுக்கு.

தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய் இதை எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"வெளிச்சத்தைக் குறைக்கணும்கிறே."

"தரைக்குக் குறையுது சார். முகத்துக்குக் கூடுது."

"ஃபார்ம்ல முகத்துக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார். ஸ்கேல் இருக்கு, போட்டுடலாம்."

"விளக்கைப் பத்தடிக்கு எறக்கினா எவனாவது உடைச்சிடுவான்."

"பழைய பார்க்ல நூறு வருஷமா பத்தடிலதான் சார் இருக்கு. அங்க எரியாத ரெண்டும் உடைஞ்சு போனது இல்ல, நாம போய்ப் பார்க்காதது."

கடைசியில் தெற்கு வாசல் பக்கம் மட்டும் எட்டுக் கம்பங்களுக்கு அனுமதி கொடுத்தார். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. கிடங்கில் இருப்பதை வைத்து முடிக்க வேண்டும். "எண்ண வர்றப்போ நாப்பது பேரு இல்லன்னா பூட்டுதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார். பதினொரு நாள் மிச்சமிருந்தது.

கிடங்கில், சந்துகளிலிருந்து கழற்றிய சின்ன விளக்குகள் ஒரு அறை நிறையக் கிடந்தன. ஒட்டகம் அவற்றில் எரிவதைப் பொறுக்கியெடுத்தார். "முப்பதடிக்கு ஏத்தினதும் நாமதான் மேடம், பத்தடிக்கு எறக்குறதும் நாமதான்," என்றார். "எனக்கு ஏணிகூட வேண்டாம். ஸ்டூல் போதும்." உச்சி விளக்குகளை அணைத்துவிட்டு, எட்டுக் கம்பங்களிலும் பத்தடியில் ஒவ்வொன்று மாட்டினோம். ஆனால் கம்பத்துக்குக் கம்பம் முப்பது தப்படி இடைவெளி. தாழ்ந்த விளக்கு அவ்வளவு தூரம் எட்டாது, நடுவில் இருட்டு விழும். அதனால் ஒவ்வொரு இடைவெளியிலும், நிழற்குடைத் தூணிலோ அறிவிப்புப் பலகையின் காலிலோ இன்னொன்று. மொத்தம் பதினைந்து.

முதல் நாள் ஏற்றியதும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டேன். நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கண்ணுல டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கு அண்ணி. முன்னாடி பயம் மட்டும்தான் இருந்துச்சு. இப்போ குருடும் சேர்ந்துடுச்சு."

அவள் சொன்னது சரி. முப்பதடியில் இருந்தபோது யாரும் விளக்கை நேராகப் பார்க்கவில்லை. பத்தடியில் அது கண்ணுக்கு நேரே இருக்கிறது. இந்த விளக்குகளின் ஒளி, கடுகு கடுகான புள்ளிகளிலிருந்து வருகிறது. ஒரே அளவு வெளிச்சம் கடுகிலிருந்து வந்தால் குத்தும். பூசணிக்காயிலிருந்து வந்தால் குத்தாது. அந்தப் பால் கண்ணாடி உருண்டையை அழகுக்காக வைத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புள்ளியைப் பூசணிக்காய் ஆக்குவதுதான் அதன் வேலை.

"எங்களுக்குப் பூசணிக்காய் வேணும்," என்றேன்.

"பூசணிக்காய்க்கு எங்க போக? உறை வேணா தைச்சுத் தரேன்," என்றாள்.

காலருக்குள் வைக்கும் வெள்ளை லைனிங் துணியில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து உறைகள் தைத்துவிட்டாள், வாயில் நாடா வைத்து, இறுக்கிக் கட்டும்படி. துணியை விளக்கில் விட்டுவைப்பது ஆபத்து என்பதால் அரை மணி நேரம் மட்டும் கட்டி, கீழேயே நின்று பார்த்தோம். குத்தல் போய்விட்டது. நடந்து காட்டச் சொன்னேன். பதினேழு தப்படி. இன்னும் ஐந்து எங்கே? பழைய பூங்காவை நினைத்துப் பார்த்தேன். அங்கே உருண்டையின் வெளிச்சம் பின்னாலிருக்கும் மரங்களிலும் படுகிறது. ஆள் ஒருவர் வந்தால், வெளுத்த பின்னணியில் உருவம் தனியாகப் பிரிந்து தெரிகிறது. இரண்டு விளக்குகளை வேலிப் பக்கம் திருப்பினோம். இருபத்தொன்று.

துணிக்குப் பதிலாக நிரந்தரமாக ஒன்று வேண்டும். பெயர்ப்பலகை செய்பவர்கள் எழுத்துக்குப் பின்னால் வைக்கும் பால் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு இதே வேலையைத்தான் செய்கிறது. ஒட்டகத்தின் மச்சான் அப்படியொரு கடை வைத்திருந்தார். வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சூடாக்கி, வளைத்து, பதினைந்து மூடிகள் செய்து கொடுத்தார். நான்கு நாள் ஆனது.

எண்ணுவதற்கு இரண்டு நாள் முன்னால் தலைமைப் பொறியாளரை ஏழு மணிக்கு அழைத்துப்போனேன். முதலில் மேற்குப் பக்கம், மாற்றாத விளக்குகளின் கீழே நிறுத்தினேன்.

"ஒருத்தர் வருவார் சார். யாருன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க."

வளைவில் ஒரு உருவம் திரும்பியது.

"காவலாளியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல... யாரோ வாக்கிங் வந்தவன்." இன்னும் கொஞ்சம் கழித்து, குரல் சற்று மாறி, "யாருப்பா அது? நில்லு!"

"நான்தான் சார்," என்றார் ஒட்டகம், ஏழு தப்படியில்.

ஆறேகால் அடி மனிதரை, தினமும் பார்ப்பவரை, அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவரைத் தெற்குப் பக்கம் கூட்டிவந்தேன். ஒட்டகம் மறுபடி தூரத்திலிருந்து நடந்து வந்தார். இருபது தப்படி இருக்கும்போதே தலைமைப் பொறியாளர் சொன்னார், "நம்ம ஒட்டகம்." உடனே, "அட, மீசையை எடுத்துட்டானா?"

"நேத்தே எடுத்துட்டார் சார். இன்னிக்குக் காலையில உங்க முன்னாடிதான் ஒரு மணி நேரம் நின்னார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட 'முகம்' கட்டத்தைப் பார்த்து, அதன் கீழே சுருக்கொப்பம் இட்டார்.

எண்ணும் நாளுக்கு முன்பு நாத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். "பட்டறையிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிட்டு வராத. தானா வரணும். இல்லன்னா கணக்குக்கு அர்த்தமில்ல."

"நான் யாரையும் கூப்பிடல. போன வாரமே ரெண்டு பேரு ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, 'இப்போ யாரு யாரு நடக்குறாங்கன்னு இங்கிருந்தே தெரியுதே'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?"

குழுவிலிருந்து ஒரு உறுப்பினரும் ஒரு எழுத்தரும் வந்தார்கள். ஏழிலிருந்து ஏழரை வரை உள்ளே இருக்கும் பெண்களை எண்ண வேண்டும். எழுத்தர் தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தார். ஏழு பத்துக்கு முப்பத்தொன்று, பெரும்பாலும் தெற்கு வாசலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள். ஏழு இருபதுக்கு முப்பத்தைந்து. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு விட வேண்டிய பட்டறையில் இன்னும் விளக்கு எரிந்தது. ஒரு கட்டு காலர் திரும்பி வந்துவிட்டதாம், பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துதான். உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மோசமில்லை, ஆனால் நாற்பது இல்லையே என்று எழுத்தரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏழு இருபத்தேழுக்குப் பட்டறை விளக்கு அணைந்தது. தெற்கு வாசல் வழியாக நாத்தனார் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பேசிக்கொண்டே எட்டு பேர். எழுத்தர் கோடு போடுவதற்குள் அவர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் பின்னாலேயே ஓடி எண்ணினார். நாற்பத்தாறு.

நாத்தனார் என்னைக் கடந்தபோது நிற்கவில்லை. "தள்ளு அண்ணி, நடக்க வந்திருக்கேன்," என்றாள்.

பூங்கா இப்போது ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது. மீதி முப்பத்துநான்கு கம்பங்களையும் ஒட்டகம் ஒவ்வொரு பக்கமாக மாற்றிவருகிறார். வேறு ஊரில் வேறு யாராவது செய்ய நினைத்தால், செய்ய வேண்டியது இதுதான்: விளக்கைப் பத்தடி உயரத்தில் வையுங்கள். பால் வெள்ளை மூடி போடுங்கள். பதினைந்து தப்படிக்கு ஒரு விளக்கு. வேலிக்கும் கொஞ்சம் வெளிச்சம் விழட்டும். லக்ஸ் மீட்டரைத் தரையிலிருந்து எடுத்து, முக உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து அளவிடுங்கள். ஐந்து லக்ஸ் போதும். எதிரில் வருபவர் யார் என்பது இருபது தப்படியில் தெரிய வேண்டும்.